மாத்தளையில் ஒரு பிறந்த நாள்

2025 ஆம் ஆண்டு வெசாக் பூரணை ஒரு திங்கட்கிழமையில் வந்தது. முன்னே சனியும் ஞாயிறும், பின்னே செவ்வாயும் விடுமுறையாகவே, கொழும்பில் உத்தியோகம் பார்ப்போருக்கு ஒருங்கே நான்கு நாள் ஓய்வு கிட்டிற்று. அத்தகைய ஓய்வு கிட்டினால் தலைநகரத்து இளைஞர் வீட்டில் இருப்பாரோ? மலைநாட்டுக்கும் கடற்கரைக்குமாகப் புறப்பட்டுவிடுவர். அவ்வாறு புறப்பட்டோருள் என் பழைய மாணவர் ஒருவரும் இருந்தார்.

"சேர், நாங்கள் நாலு பேர் சீகிரியாவுக்கு வாறம். எங்களில் ஒருவருக்குத் திங்கட்கிழமை பிறந்த நாள். அவர் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர். இஞ்சை அவருக்குச் சொந்தக்காரர் ஒருவருமில்லை. நீங்களும் வந்து சரித்திரம் சொன்னால் நல்லது" என்று அவர் தொலைபேசியில் அழைத்தார்.

யாழ்ப்பாணத்தில் என்னிடம் கற்றவர் அவர். நான் மாற்றலாகி மாத்தளைக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சரித்திரம் சொல்ல வாருங்கள் என்று அழைத்தால் மறுக்கும் மனவலிமை ஒரு சரித்திர ஆசிரியனுக்கு ஏது? சனிக்கிழமை அதிகாலையில் பஸ் ஏறிச் சீகிரியாவில் அவர்களைச் சந்தித்தேன்.

நால்வரும் ஒரே காரியாலயத்தில் பணி புரிபவர்கள். வாகனம் ஓட்டி வந்தவர் குருநாகலைச் சேர்ந்த சிங்கள இளைஞர். மற்றொருவர் அக்குறணை முஸ்லிம். மூன்றாமவர் என் மாணவர். நான்காமவரே பிறந்த நாளுக்குரியவர். நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியைச் சேர்ந்தவர். இருபத்தேழாவது வயதை எட்டப்போகிறவர். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அதிகம் பேசாத சுபாவம்.

சீகிரியாவின் வாசலில் உள்நாட்டாருக்கு ஒரு சீட்டு, வெளிநாட்டாருக்கு வேறு சீட்டு. நாங்கள் ஒரு வரிசையில் நிற்க, அவர் மட்டும் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு மறு வரிசைக்குச் சென்றார். "எங்கள் வெளிநாட்டுப் பிரயாணி!" என்று குருநாகல் நண்பர் கேலி செய்தார். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு சற்றுப் பிந்தி வந்ததை நான் கவனித்தேனாயினும், அதன் காரணம் அப்பொழுது எனக்கு விளங்கவில்லை.

சீகிரியாவைப் பற்றி வாசகர்கள் நிரம்ப அறிவர். சமவெளியிலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்துக்குச் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் அக்குன்றின் மீது, ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் மாளிகை அமைத்தான். இளைஞர்கள் ஆட்டுக்குட்டிகளைப் போலத் தாவி ஏறினர். நானோ படிக்கொரு சரித்திரக் குறிப்புச் சொல்லும் பாவனையில் படிக்கொரு முறை மூச்சு வாங்கினேன். ஓவிய மங்கையரைப் பார்த்துவிட்டு இறங்கியதும் கண்ணாடிச் சுவரின் ஓரமாக நடந்தோம். மன்னன் மறைந்து சில நூற்றாண்டுகளின் பின், மலை பார்க்க வந்த பிரயாணிகள் அந்தச் சுவரில் தம் பெயரையும் ஊரையும் தாம் பாடிய கவியையும் கீறிவைத்துச் சென்றிருக்கின்றனர். அவற்றுள் 685 கவிகளைப் படித்தறிந்து, பேராசிரியர் பரணவிதான 1956 இல் நூலாக வெளியிட்டார்.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சுற்றுலா வந்தவர்களின் பெயர்கூட இருக்கிறதே, சார்!" என்றார் கோத்தகிரி இளைஞர். அன்று அவர் வலியப் பேசியது அவ்வொன்றே.

மறுநாட் காலை தம்புள்ளைக் குகைக் கோயில்களைத் தரிசித்தோம். ஐந்து குகைகளையும் கண்டு வெளியே வந்து, பாறையின் விளிம்பிலே நின்றோம். கீழே நகரமும், அதனூடே வடக்கும் தெற்குமாக ஓடும் யாழ்ப்பாணம் - கண்டி நெடுஞ்சாலையும் தெரிந்தன. மாத்தளைவாசி என்ற முறையில் அச்சாலையின் கதையை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மலைநாட்டில் கோப்பிப் பயிர் பெருகியபொழுது, தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் ஆள் திரட்டினர். இராமேசுவரத்துக் கரையிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்தவர்கள், அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டினூடே கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். ஏறத்தாழ 150 மைல் தூரம். தலையில் சட்டிபானை, இடுப்பில் குழந்தை. குடிக்க நல்ல நீரில்லை. கொலராவும் அம்மையும் காய்ச்சலும் வழி நெடுகப் பலரைக் கொண்டுபோயின. விழுந்தவர்களை வழியோரத்திலேயே விட்டு, மற்றவர்கள் மேலே நடந்தனர். மாத்தளைக்கு வந்தபின்பே தோட்டந்தோட்டமாகப் பிரிந்தனர். அந்த நடையை நினைவுகூர்ந்து 2023 இல் மலையக மக்களும் அவர்களுடைய நண்பர்களும், யூலை 28 ஆந் திகதி தலைமன்னாரிலே புறப்பட்டு ஆகஸ்ட் 12 ஆந் திகதி மாத்தளையை வந்தடைந்தார்கள்.

"அவர்கள் எந்தச் சுவரிலும் பெயர் எழுதிவைக்கவில்லை" என்று முடித்தேன்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் கோத்தகிரி இளைஞர், சாலையைப் பார்த்தபடியே, "என் அம்மாயி மாத்தளையில்தான் பிறந்தாங்க, சார்" என்றார்.

எட்டு மாதங்களாக ஒரே மேசையில் சோறு உண்ட நண்பர்கள் மூவரும் திடுக்கிட்டனர். ஏன் சொல்லவில்லை என்று என் மாணவர் கேட்டார்.

"எங்க ஊர்ல எங்களைச் சிலோன்காரன்னுதான் சொல்லுவாங்க. பள்ளிக்கூடத்தில் பெயருக்குப் பதிலாக அதுதான். அந்தப் பேர் போகணும்னுதான் படிச்சேன். இங்க வந்து திரும்பவும் அதையே எப்படிச் சொல்லிக்கிறது?"

இவ்விடத்தில், இளைய வாசகர்களின் பொருட்டு, ஒரு வரலாற்றுச் செய்தியைச் சுருங்கச் சொல்ல வேண்டும். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆயினர். 1964 அக்டோபர் 30 ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. கணக்கு நேராயிற்று; குடும்பங்கள் நேராகவில்லை. தமையனுக்கு ஒரு நாடும் தங்கைக்கு மறு நாடும் வாய்த்த வீடுகள் எத்தனையோ! 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் நிலவிய உணவுப் பஞ்சமும் பலரைக் கப்பலேற்றியது. இங்கே 'இந்தியாக்காரர்' என்று அழைக்கப்பட்டவர்கள், அங்கே கரையிறங்கியவுடன் 'சிலோன்காரர்' ஆனார்கள். நீலகிரியில் அவர்களுக்கு வேலையளிப்பதற்கென 1968 இல் அரசாங்கத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. மீண்டும் அதே கொழுந்து, அதே கூடை. இங்கே எஞ்சியிருந்த நாடற்றோரின் கணக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேதான் ஒருவாறு தீர்ந்தது.

இளைஞரின் அம்மாயி 1975 இல், மணமான புதிதில், இருபது வயதிலே தலைமன்னாரில் கப்பலேறியவர். பேரன் கொழும்புக்கு வேலைக்கு வரும்பொழுது அவர் எதையும் வாங்கிவரச் சொல்லவில்லை. "மாத்தளைப் பக்கம் போனா நம்ம தோட்டத்தப் பாத்துட்டு வா" என்று மட்டும் சொன்னாராம். எட்டு மாதங்களாகப் பேரன் அதைத் தட்டிக்கழித்து வந்திருக்கிறார்.

"தோட்டத்தின் பெயர் என்ன?" என்று கேட்டேன். சொன்னார். நான் கேள்விப்படாத பெயர். குருநாகல் நண்பர் கைத்தொலைபேசியில் தேசப்படத்தை விரித்துத் தேடினார், இல்லை. அம்மாயிக்கு வேறு பெயர் தெரியாது. மாத்தளையில் இரத்தோட்டைப் பஸ் ஏறி, பாலங் கடந்து, மாமரத்தடியில் இறங்க வேண்டும். இதற்குமேல் அவரிடம் விலாசமில்லை.

அன்று நண்பகலில் தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். வழியில் நாலந்தாவில் இறங்கினோம். பல்லவர் பாணியைத் தழுவிக் கருங்கல்லால் எழுந்த பௌத்த ஆலயம் அது. தமிழகத்துச் சிற்பமும் சிங்களத்து வழிபாடும் ஒன்றாய் இழைந்து நிற்பதை அங்கே காணலாம். போவத்தென்னை நீர்த்தேக்கத்தில் அமிழ்ந்துவிடாதபடி 1970களில் அதைக் கல் கல்லாகப் பிரித்து, மேட்டு நிலத்திலே மீள எழுப்பினார்கள். அம்மாயி கப்பலேறியதும் ஏறக்குறைய அக்காலத்திலேதான். கல்லுக்குக் கிடைத்த கவனத்தைப் பற்றி நான் ஏதும் சொல்லவில்லை. அக்குறணை நண்பர் சொன்னார்.

நாலந்தாவைத் தாண்டியதும் மிளகும் சாதிக்காயும் கராம்பும் மணக்கும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் இருமருங்கிலும் தொடங்கின. மாத்தளைக்கு அண்மையில் அலுவிகாரையில் பெருங்கூட்டம். வெசாக்குக்கு முந்திய நாளல்லவா? குருநாகல் நண்பர் மலர்த் தட்டுடன் உள்ளே செல்ல, நாங்களும் பின்தொடர்ந்தோம். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டுவந்த திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் இது என்பது மரபு. பஞ்சமும் போரும் வந்து, மனனஞ் செய்த பிக்குகள் மடியத் தொடங்கவே, அறிந்தவர் இறந்தால் அறிவும் இறந்துபோம் என்று அஞ்சி எழுதிவைத்தார்களாம். எத்தனையோ மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று சொல்லும்பொழுது, என் செவியில் அந்தத் தோட்டத்தின் பெயர் ஒலித்துக்கொண்டிருந்தது.

மாலையில் முத்துமாரியம்மன் கோயிலை அடைந்தோம். 108 அடி உயர்ந்த இராஜகோபுரம் மாத்தளைக்கு வருவோரைத் தொலைவிலேயே அழைக்கும். மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் வீதி வலம் வரும்பொழுது தோட்டங்களெல்லாம் இங்கே திரண்டுவிடும். ஆதியில் மரத்தடியிலே சிறு உருவமாய் இருந்து வழிபடப்பட்ட தாய் இவள். 1983 ஆம் ஆண்டின் கலவரத்தில் கோயில் சேதமுற்றது. மக்கள் முன்னிலும் பெரிதாகக் கட்டினர்.

அர்ச்சனை முடிந்ததும், வாசலில் மாலை கட்டிக்கொண்டிருந்த முதியவரிடம், எதற்கும் இருக்கட்டும் என்று, தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர் நாரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அதுவா? இரத்தோட்டை ரோட்டில..." என்று தொடங்கி, துரைமார் வைத்த ஆங்கிலப் பெயரைச் சொன்னார்.

எனக்குத் தலை குனிந்தது. அந்த ஆங்கிலப் பெயர் எனக்கு மிக நன்றாகத் தெரியும். அத்தோட்டத்துப் பிள்ளைகள் என் வகுப்பிலே படிக்கிறார்கள். இடாப்பில், விலாசம் என்னும் நிரலில், அந்தப் பெயரைப் பன்னிரண்டு ஆண்டுகளாக என் கைப்பட எழுதி வந்திருக்கிறேன். மலையகத்தில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் பத்திரத்தில் ஒரு பெயரும் மக்கள் வாயிலே ஒரு தமிழ்ப் பெயரும் உண்டென்று நான் அறியாதவனல்லன். ஆனால், என் எதிரே அமர்ந்திருந்த பிள்ளைகளிடம், "உங்கள் தோட்டத்தை வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இரவு என் வீட்டிலே தங்கினார்கள். பன்னிரண்டு மணிக்கு, கொழும்பிலிருந்து மிகுந்த பாதுகாப்புடன் கொண்டுவந்த கேக்கை வெட்டினார்கள். பூரணை நாளாதலால் மதுவுமில்லை, மாமிசமுமில்லை. "பிறந்த நாளைப் புத்தரோடு பங்கிட்டால் இதுதான் கதி" என்றார் குருநாகல் நண்பர். என் மனைவி அவித்த இடியப்பமும் சொதியும் விருந்தாயின. எங்கள் பஞ்சாங்கத்தில் அன்று சித்திரா பௌர்ணமி.

திங்கள் காலையில் இரத்தோட்டை வீதியிலே சென்றோம். வழியில் ஒரு கிராமத்து வாலிபர்கள் வண்டியை மறித்தார்கள். தன்சல்! கடலையும் தேநீரும் வைத்துக்கொண்டு, போவோர் வருவோரையெல்லாம் அவர்கள் உபசரித்தனர். வரிசையில் ஒருவராய் நின்று, தன் பிறந்த நாள் விருந்தை முன்பின் அறியாதவர் கையால் வாங்கி உண்டார் எங்கள் நண்பர். அந்த வரிசையில் உள்நாட்டார், வெளிநாட்டார் என்ற பிரிவு இல்லை.

பாலம் இருந்தது. மாமரம் இல்லை, அது நின்ற இடத்தில் ஒரு பெட்டிக்கடை. கடைக்காரர் வழிகாட்ட, தேயிலைக்கும் மிளகுக் கொடிகளுக்கும் இடையே மேட்டில் ஏறினோம். விடுமுறையாதலால் லயங்களில் ஆட்கள் இருந்தனர். பத்துக்குப் பன்னிரண்டடி அறைகள். கல் வைத்துக் காற்றுக்கு அமர்த்திய தகரக் கூரை. அம்மாயியின் தகப்பனார் பெயரைச் சொல்லி விசாரித்தோம். வயதான பெண்ணொருவரை அழைத்துவந்தார்கள். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்; எழுபது வயதிருக்கும்.

அவர் இளைஞரின் முகத்தை நெடுநேரம் உற்று நோக்கினார். அம்மாயியின் பெயரை இளைஞர் சொன்னதும், "கடைசிக் காம்பராப் புள்ளயா? நாங்க ரெண்டு பேரும் ஒரே நெரயிலதான் கொழுந்தெடுத்தோம்" என்றார். அப்புறம் அவர் வாயிலிருந்து வந்த சொல், "வாங்க மகன், உள்ளுக்கு வாங்க" என்பது.

இளைஞர் கோத்தகிரிக்குத் தொலைபேசி எடுத்து, அதை அம்மூதாட்டியின் கையிலே கொடுத்தார். ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் பேசும் இரு தோழியர் என்ன பேசுவார்கள்? கண்ணீரும் கதறலுமாக இருக்கும் என்றே நான் எண்ணினேன்.

"ஏ புள்ள, நாந்தான்... அங்க மழையா?"

"காலயில இருந்து பேயுது. அங்க?"

"இங்க இன்னும் எறங்கல. மூடிக்கிட்டு நிக்குது."

மழையைப் பற்றியும், முழங்கால் வலியைப் பற்றியும், லயத்துக் கோடியிலே நின்ற பலாவைப் பற்றியும் பேசினார்கள். பலா இன்னும் காய்க்கிறது என்று இங்கிருந்து சொன்னதும், மறுமுனையில் பேச்சு நின்றது. மூதாட்டி தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார். நாங்கள் வெளியே வந்து நின்றோம்.

அன்று பிறந்த நாள் என்று என் மாணவர் சொல்லிவிடவே, மூதாட்டி அவசரமாக அடுப்பை மூட்டினார். பால் இல்லை, சாயத் தேநீர். சீனியைத் தேநீரில் கலக்கவில்லை. எங்கள் உள்ளங்கையில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார். நக்கிக்கொண்டு குடிப்பது தோட்டத்து வழக்கம். "அம்மாயி இப்படித்தான் எங்களுக்குக் குடுப்பாங்க. நாங்க வேற வீட்டுல யாருக்கும் தெரியக்கூடாதுன்னு மறைச்சுக்குவோம்" என்றார் இளைஞர். உள்ளங்கையை நக்கி முடித்தபின்னும், அதைக் கழுவ அவர் எழவில்லை.

புறப்படும் வேளையில் மூதாட்டி அவரிடம் ஒன்று கேட்டார். அவருடைய தமையனும் இந்தியாவுக்குப் போனவர். கூடலூர்ப் பக்கம் என்று ஒரு கடிதம் வந்ததாம். பிறகு ஒன்றும் வரவில்லை. "நீங்க போனா விசாரிப்பீங்களா, மகன்?" விசாரிப்பதாக அவர் வாக்களித்தார். வாக்கைச் சொல்லோடு விடாமல், தமையனார் பெயர், தகப்பனார் பெயர், தோட்டத்தின் தமிழ்ப் பெயர் மூன்றையும் தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

விடுமுறை கழிந்து பாடசாலை தொடங்கிய அன்று, நான் இடாப்பைத் திறந்து, விலாச நிரலில் ஆங்கிலப் பெயரின் பக்கத்திலே தமிழ்ப் பெயரைப் பென்சிலால் எழுதினேன். பின்னர், மற்றத் தோட்டங்களின் பெயர்களையும் சொல்லும்படி பிள்ளைகளைக் கேட்டேன். முதலில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். பாட வேளை முடிந்தும் பட்டியல் முடியவில்லை.

ஒன்றரை மாதத்தின் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோத்தகிரி இளைஞர் தனியாக மாத்தளைக்கு வந்தார். கூடலூரில் அவருடைய மாமன் அலைந்து விசாரித்ததில், தமையனார் காலமாகிவிட்டார் என்றும், அவருடைய மகன் குடும்பத்தோடு இருக்கிறார் என்றும் தெரியவந்ததாம். மகனின் படமும் தொலைபேசி இலக்கமும் அவரிடமிருந்தன. துக்கச் செய்தியைத் தொலைபேசியிலே சொல்வது முறையன்று என்று நேரில் வந்திருந்தார்.

நான் பஸ் நிலையம் வரையில் உடன் சென்றேன். இரத்தோட்டைப் பஸ்ஸில் ஏறி, அவர் தோட்டத்தின் தமிழ்ப் பெயரைச் சொன்னார். கொண்டக்டர் அவர் முகத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. காசை வாங்கிக்கொண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.